‘சிறிதளவு உப்பு’ன்னு போடாதீங்க ஐயா, அளவைப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்புல மழைக்கால கைவைத்தியம்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன். சுக்கு, ஓமம், நொச்சி, நிலவேம்புன்னு நல்ல விஷயம் நிறைய இருந்துச்சு, அதுல எனக்கு குறை எதுவும் இல்ல. ஆனா வயித்துப்போக்கு பத்தி எழுதின இடத்துல "தண்ணீரில் சிறிதளவு உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்கவும்"னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். நான் அங்கன்வாடியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, தாமிரபரணிக் கரையோர ஊரு. சிறிதளவுன்னு சொன்னா ஒரு வீட்ல ஒரு சிட்டிகை போடுவாங்க, அடுத்த வீட்ல கரண்டி நிறைய போடுவாங்க. உப்பு கூடிப்போச்சுன்னா சின்னப்பிள்ளைக்கு ஆபத்து, வலிப்பு வரைக்கும் கொண்டு போய்விட்டுரும். கம்மியாப் போட்டா குடிச்சும் பிரயோஜனம் இல்ல.

அளவு இதுதான். ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணி, டீஸ்பூன்ல தலை தட்டி ஆறு ஸ்பூன் சீனி, தலை தட்டி அரை ஸ்பூன் தூள் உப்பு. கல் உப்பு வேண்டாம், அதுல அளவு சரியா நிக்காது. டீஸ்பூன்னா 5 மில்லி ஸ்பூன், வீட்ல இருக்க ஸ்பூன் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைசு, அதனால பிள்ளைங்க டானிக் பாட்டிலோட வர்ற மூடி இருக்குல்ல, 5 மில்லின்னு கோடு போட்டிருக்கும், அதைக் கழுவிக் காயவெச்சு அளந்துக்கலாம். கலக்கினதை 24 மணி நேரத்துக்குள்ள தீத்திரணும், மிச்சத்தைக் கீழ ஊத்திட்டு புதுசா கலக்கணும். இது கூட ஓஆர்எஸ் பாக்கெட் கையில இல்லாத நேரத்துக்குத்தான், பாக்கெட் இருந்தா அதுதான் முதல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே தர்றாங்க, கூடவே பிள்ளைக்கு ஜிங்க் மாத்திரையும் 14 நாளைக்குத் தருவாங்க. போக்கு நின்னுருச்சேன்னு நாலாவது நாள்ல நிறுத்திராம 14 நாளும் கொடுக்கணும். நான் வேலை பாத்த காலத்துல தாய்மார்கிட்ட திரும்பத் திரும்ப சொன்னது இதைத்தான்.

இதைப் போன்லயே பாத்துக்கலாமே, பேப்பர்ல எதுக்குன்னு கேப்பாங்க. 2023 டிசம்பர் 17, 18 எங்க தூத்துக்குடி மாவட்டத்துக்காரங்க யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை, எங்க மாவட்டத்துல ஒரு வருசம் பூரா சராசரியா பெய்யிற மழைய விட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் சுமார் 800 பேரோட மாட்டிக்கிட்டு நின்னுச்சு. கரண்ட் இல்ல, ரோடு இல்ல, அதை விட முக்கியமா செல்போன் டவர் இல்ல. சார்ஜ் இருந்தவங்களுக்கும் சிக்னல் இல்ல. அந்த நேரத்துல எந்த வாட்ஸ்அப்பும் யூடியூப்பும் யாருக்கும் உதவல. சுவத்துல ஒட்டி வெச்ச காகிதத்துக்கு சார்ஜ் தேவையில்ல ஐயா, அதான் பேப்பர்காரங்களைக் கேக்குறேன்.

அந்த ரயில் பயணிகளுக்குப் பக்கத்து கிராமத்து ஜனங்கதான் தங்க வீட்ல இருந்த அரிசி பருப்பைக் கொண்டாந்து கோயில்ல சமைச்சுப் போட்டாங்க, அந்த ஊர்க்காரங்களும் அதே வெள்ளத்துல மாட்டினவங்கதான். ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போடுறதுக்கு முன்னாடியே அந்தச் சோறு போய்ச் சேந்துருச்சு. எந்த வெள்ளத்துலயும் முதல் ரெண்டு மூணு நாளைக்கு வெளியில இருந்து உதவி வர்றது கஷ்டம், அதுவரைக்கும் நம்ம அடுப்படிதான் நமக்கு. ஆனா முன்னெச்சரிக்கை செய்தி வர்றப்பல்லாம் டார்ச், மெழுகுவர்த்தி, பவர் பேங்க், ஆதார் ஜெராக்ஸ் இதோட நின்னுருது, அடுப்படிக்குள்ள யாரும் வர்றதே இல்ல.

நான் சொல்றது பெருசா ஒண்ணும் இல்ல. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மூணு நாள்னு கணக்கு வெச்சு, ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடி ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில தனியா எடுத்து மேல பரண்ல வெச்சிரணும். தீ தேவையில்லாத சாப்பாடு முதல் நாளைக்கு, தீ கொஞ்சமா தேவைப்படுறது அடுத்த நாளைக்கு, இப்படி யோசிச்சா போதும். பொரிகடலை, வறுத்த நிலக்கடலை, கருப்பட்டி, பேரீச்சை, ரஸ்க்கு இதுக்கெல்லாம் தண்ணியும் வேண்டாம் அடுப்பும் வேண்டாம். பொரிகடலையும் கருப்பட்டியும் சேத்து இடிச்சு உருண்டை பிடிச்சு வெச்சா பிள்ளைங்க அடம் பிடிக்காம சாப்பிடும், சுகர் உள்ளவங்க மட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது, கருப்பட்டின்னா ஏறாதுன்னு ஒரு நம்பிக்கை எங்க ஊர்ல பலமா இருக்கு, ஏறும், நல்லாவே ஏறும். அவல் எல்லாரும் சொல்றதுதான், ஆனா அவலை நனைக்கிற தண்ணி கொதிக்க வெச்ச தண்ணியா இருக்கணும், ஏன்னா அதுக்கப்புறம் அது அடுப்பைப் பாக்கப்போறதில்ல. சத்துமாவும் அப்படியே. பழைய சோறு மத்த நாள்ல அமிர்தம், வெள்ள நாள்ல வேண்டாம், எந்தத் தண்ணியில ராத்திரி பூரா ஊறுதுன்னு தெரியாது. அதே மாதிரி கருவாடும் ஊறுகாயும் கெடாதுன்னு நிறைய எடுத்து வெப்பாங்க, அது தாகத்தைக் கூட்டும், குடிக்கிற தண்ணியே அளந்து குடிக்கிற நாள்ல அதைக் கம்மி பண்ணிக்கிறது நல்லது.

அடுப்பு எரியுதுன்னா கஞ்சிதான் கெட்டிக்காரத்தனம். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ரெண்டையும் அரை மணி நேரம் ஊறவெச்சு, ஆறு டம்ளர் தண்ணி, சீரகம், நாலு மிளகு, நாலு பல் பூண்டு, உப்பு போட்டு குக்கர்ல ரெண்டு விசில் விட்டு அடுப்பை அணைச்சிட்டு, குக்கரை இறக்கி பழைய போர்வையை நாலா மடிச்சு நல்லா சுத்தி வெச்சிட்டா, உள்ள இருக்க சூட்டுலயே குழைய வெந்துரும். கேஸ் பாதிதான் செலவாகும், வெள்ளத்துல சிலிண்டர் வண்டி எப்ப வரும்னு தெரியாது பாருங்க. இதே கஞ்சிய இன்னும் தண்ணியா கரைச்சு உப்பு லேசாப் போட்டுக் கொடுத்தா வயித்துப்போக்குக்கும் ஆகும், காய்ச்சல்காரங்களுக்கும் ஆகும். உளுந்தங்கஞ்சி, கானத்துக் (கொள்ளு) கஞ்சி எல்லாம் வெக்கலாம், ஆனா கானம் வேக நேரமும் கேஸும் நிறைய இழுக்கும்.

ஒரு விஷயம் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். மழைல கேஸ் இல்லைன்னு கரி அடுப்பை வீட்டுக்குள்ள வெச்சு, சாரல் அடிக்குதுன்னு கதவையும் ஜன்னலையும் சாத்திராதீங்க. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளை மயக்கிரும், தூங்கினவங்க எந்திரிக்க மாட்டாங்க. ஜெனரேட்டருக்கும் அதே கதைதான், அதை வீட்டுக்குள்ள வெச்சு ஓட்டவே கூடாது. தண்ணி உள்ள ஏறுதுன்னா மெயின் சுவிட்சையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் ஆஃப் பண்ணிட்டு மத்ததைப் பாருங்க.

ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பாக்கக்கூடாது, மூடியே இருந்தா கரண்ட் போய் ஒரு நாலு மணி நேரம் தாங்கும், அதுக்கப்புறம் பாலு, மீனு, கறிக்குழம்பெல்லாம் நம்பக்கூடாது. இன்சுலின் போடுறவங்க பயந்துருவாங்க, பதற வேண்டாம், மண்பானையில ஈர மணல் போட்டு அதுக்குள்ள சின்னப் பானை வெச்சு, இன்சுலினை பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு உள்ள வெச்சு, மேல ஈரத்துணி மூடி நிழல்ல வெச்சா போதும், ஊருக்குள்ள நிறைய பேர் இப்படித்தான் வெக்கிறாங்க. நேரா ஐஸ்ல மட்டும் வெக்காதீங்க, உறைஞ்சா அது வீண். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாம் மழைக்காலத்துல ரெண்டு வாரத்துக்கு முன்கூட்டியே கையில இருக்கணும், டாக்டர் சீட்டையும் அந்த வாளியிலயே ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுருங்க.

இப்ப தண்ணி. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க சமைக்கன்னு நாலு லிட்டர் பிடிச்சு வெக்கணும், நாலு பேருக்கு மூணு நாள்னா அம்பது லிட்டர், ரெண்டு இருபது லிட்டர் கேனும் ஒரு குடமும் சேத்தா வந்துரும். வெள்ளம் மூழ்கடிச்ச கிணத்துத் தண்ணிய பஞ்சாயத்துல குளோரின் போட்டுச் சரிபாக்குற வரைக்கும் குடிக்கவே கூடாது. கலங்கின தண்ணியத் தெளிய வெக்க எங்க பக்கம் தேத்தாங்கொட்டைய உரசிப் போடுவாங்க, சில வீட்ல படிகாரம் போடுவாங்க, ரெண்டும் நல்ல முறைதான், மண்ணு அடியில படிஞ்சு தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிரும். அங்கதான் ஏமாந்துருவோம். தெளிஞ்ச தண்ணின்னா கிருமி செத்த தண்ணின்னு அர்த்தம் இல்ல. தெளிய வெச்சு, வேட்டித்துணியில வடிகட்டி, அப்புறம் தளதளன்னு கொதி வந்த பிறகு இன்னும் ஒரு நிமிஷம் கொதிக்க விடணும். சீரகம், துளசி போடுறது ருசிக்கு, கொதிக்க வெக்கிற வேலைய அது செய்யாது. வானத்துல இருந்து நேரா விழுற மழைய சுத்தமான அண்டாவுல பிடிச்சாலும் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும்.

கைவைத்தியத்துக்கு வர்றேன். நான் அதுக்கு எதிரி இல்ல ஐயா. ஜலதோஷத்துக்கு சுக்கு மல்லிக் காப்பி போட்டு கருப்பட்டி தட்டிப் போட்டுக் குடிக்கிற வீடு எங்க வீடு, தொண்டை கரகரன்னா உப்புத்தண்ணி கொப்பளிக்கிறோம், வயிறு பொருமினா ஓமத்தண்ணி, சாயங்காலம் கொசுவுக்கு நொச்சி மூட்டம். இதெல்லாம் உடம்புக்கு இதமா இருக்கு, பாட்டி காலத்துல இருந்து வர்றது, வரட்டும். ஒவ்வொண்ணுக்கும் எல்லை எதுன்னு சேத்துச் சொல்லணும்ங்கிறதுதான் என் கோரிக்கை. இது நல்லதுன்னு மட்டும் எழுதி, எப்ப இதை விட்டுட்டு ஓடணும்னு எழுதாம விட்டா அது பாதி செய்திதான்.

உதாரணத்துக்கு ஆவி பிடிக்கிறது. பெரியவங்க பிடிக்கலாம், சின்னப்பிள்ளைய கொதிக்கிற பாத்திரத்துக்கு முன்னாடி உக்காரவெச்சு போர்வை போட்டு மூடுறது ஆபத்து, கை பட்டு கவுந்து வெந்து போற பிள்ளைங்க உண்டு. சூடம் கலந்த எண்ணெய கைக்குழந்தைக்கு நெஞ்சுலயும் மூக்குலயும் தேய்க்கிறதை நிறுத்தணும், சூடம் உள்ள போனா பிள்ளைக்கு வலிப்பு வரும். ஒரு வயசு முடியாத பிள்ளைக்குத் தேன் தொட்டு வெக்கவே கூடாது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், உரமருந்து இழைக்கிறேன்னு கல்லுல வசம்பும் ஜாதிக்காயும் உரசிக் கொடுப்பாங்க, அதுவும் வெள்ள நேரத்துல அந்தக் கல்லு எந்தத் தண்ணியில கழுவினது? நிவாரணத்துல பால்பவுடர் கொடுத்தாங்கன்னு தாய்ப்பாலை நிறுத்திராதீங்க, சுத்தமான தண்ணி கிடைக்காத நாள்ல தாய்ப்பாலை விட பாதுகாப்பான சாப்பாடு அந்தப் பிள்ளைக்கு இல்ல.

அப்புறம் இந்த உச்சிக்குழி. வயித்தால போற பிள்ளைக்கு உச்சிக்குழி உள்ள போயிருச்சுன்னு சொல்லி "தொக்கம் எடுக்கணும், கூட்டிட்டுப் போ"ன்னு (உள்ள சிக்கின சாப்பாட்டை எடுக்கிறதா சொல்ற நாட்டு முறை) வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க, நல்லதுக்குத்தான் சொல்றாங்க. ஆனா உச்சிக்குழி குழிஞ்சு போறது உடம்புல தண்ணி வத்திப்போச்சுங்கிறதுக்கு அடையாளம். கண்ணு உள்ள போயிருக்கு, அழுதா கண்ணீர் வரல, ஒண்ணுக்குப் போகல, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவா இறங்குது, பால் குடிக்க மாட்டேங்குது, இதுல எது இருந்தாலும் ஓஆர்எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனா கொடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிரணும். "போக்கா இருக்கு, ஒண்ணும் கொடுக்காத"ன்னு பட்டினி போடுறதுதான் இதுல பெரிய கொடுமை, எத்தனை தாய்மாருக்கு இதைச் சொல்லியிருப்பேன், இன்னும் சொல்ல வேண்டியிருக்கு.

தீக்காயத்துக்கு இட்லி மாவு, பேஸ்ட்டு, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம், ஓடுற தண்ணியில 20 நிமிஷம் காட்டணும், அப்புறம் சுத்தமான துணியால லேசா மூடி டாக்டர்கிட்ட காட்டணும், கொப்புளத்தை உடைக்கக் கூடாது. வெள்ளத்தண்ணியில நடந்து வந்து ஆணி குத்தினாலோ தகரம் கிழிச்சாலோ சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு டெட்டனஸ் ஊசி போட்டுக்கணும், மஞ்சளை அப்பிட்டு விட்டுரக் கூடாது. சேத்துப்புண்ணுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடுறோம், லேசானதுக்குப் பரவாயில்ல, ஆனா காலைக் கழுவி விரல் இடுக்குல ஈரம் போகத் துடைக்கிறதுதான் பெரிய மருந்து, சுகர்காரங்களுக்குக் கால்ல சின்னதா புண்ணு தெரிஞ்சாலும் கைவைத்தியமே வேண்டாம்.

பாம்பு. வெள்ளத்துல அதுவும் மேடு தேடி வீட்டுக்குள்ளதான் வரும். கட்டுவிரியன் ராத்திரி தரையில படுத்திருக்கவங்களைக் கடிக்கும், பல தடவை வலிக்கவே வலிக்காது, கொசுக்கடின்னு நினைச்சுத் தூங்கிருவாங்க, அதனால மழை நாள்ல கட்டில்லயோ கொசுவலைக்குள்ளயோ படுக்கிறது நல்லது. கடிச்சா இறுக்கிக் கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய வெச்சு உறிஞ்சாதீங்க, விஷக்கல்லு பச்சிலைன்னு அலையாதீங்க. மெட்டி, கொலுசு, மோதிரம் எல்லாத்தையும் வீக்கம் வர்றதுக்கு முன்னாடி கழட்டிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காம பலகை வெச்சு லேசா கட்டி, நடக்க விடாம நாற்காலியிலயோ கட்டில்லயோ தூக்கிக்கிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. விஷமுறிவு மருந்து அங்கதான் இருக்கு, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான், அதனால பாம்பை அடிச்சுப் பையில போட்டுக் கொண்டு போறேன்னு நேரத்தை வீணாக்கிறாதீங்க. அந்த மருந்து செய்யத் தேவைப்படுற விஷத்தை சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில 1978ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க எடுத்துக் கொடுக்கிறாங்க, நம்ம மண்ணுல உண்டான அறிவுதான் அதுவும், நாட்டு வைத்தியத்தை மதிக்கிறவங்க இதையும் மதிக்கணும்.

காய்ச்சல்தான் கடைசி, உங்க இணைப்புல எனக்கு ரொம்ப வருத்தமா இருந்த இடமும் இதுதான். நிலவேம்புக் கசாயமும் பப்பாளி இலைச் சாறும் டெங்குவை விரட்டும்னு தலைப்பே போட்டிருந்தீங்க. கசாயம் குடிக்கிறவங்க சித்த மருத்துவர் சொன்ன அளவுல குடிக்கட்டும், ரெண்டாவது நாளும் காய்ச்சல் நிக்கலன்னா ரத்தம் டெஸ்ட் எடுக்கிறதை அதுக்காகத் தள்ளிப்போடக் கூடாது. டெங்குல காய்ச்சல் இறங்குற நாள்தான் ஆபத்தான நாள், சரியாப் போச்சுன்னு பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிருவாங்க. விடாம வாந்தி, தாங்க முடியாத வயித்துவலி, ஈறுல ரத்தம், கறுப்பா மலம், எழுப்பினா எந்திரிக்காத மயக்கம் இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்க, உடம்பு வலிக்குதுன்னு மெடிக்கல்ல ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வாங்கிப் போட்டா ரத்தக்கசிவு கூடும். வெள்ளத்தண்ணியில நின்னவங்களுக்குக் காய்ச்சலோட கெண்டைக்கால் வலியும் கண்ணு சிவப்பும் வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், தண்ணியில நின்னேன்னு டாக்டர்கிட்ட நாமளே வாயத் திறந்து சொல்லணும், அவங்களுக்கு அது தெரியாது.

இதெல்லாம் ஒரு பக்கத்துல அடங்கிரும் ஐயா. வடகிழக்குப் பருவமழை தொடங்குறதுக்கு முன்னாடி, புரட்டாசிக்குள்ள, அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டம் போட்டு இந்த அளவுகளையும் எல்லைகளையும் போடுங்க. ஆம்புலன்ஸ் 108, மாவட்ட பேரிடர் நம்பர் 1077, மாநிலத்துக்கு 1070, மருத்துவ ஆலோசனைக்கு 104, கேஸ் கசிவுக்கு 1906, கரண்ட் புகாருக்கு 94987 94987, இந்த நம்பர்களையும் கீழ போடுங்க. எழுத்து பெருசா இருக்கட்டும், கண்ணாடி இல்லாம ஆச்சிங்க படிக்கிற அளவுக்கு. ஒரே பக்கத்துல முடியட்டும், பின்பக்கம் தொடர்ச்சி போட்டுராதீங்க, சுவத்துல ஒட்டினா அது போயிரும். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும், ஒரு அரசு சித்த மருத்துவரும் ரெண்டு பேரும் சேந்து உக்காந்து ஒரு தடவை சரிபாத்துக் கொடுக்கட்டும், யார் பாத்ததுன்னு அவங்க பதவியையும் போடுங்க, அப்பத்தான் வீட்ல பெரியவங்களும் ஏத்துக்குவாங்க, சின்னவங்களும் ஏத்துக்குவாங்க. அங்கன்வாடிக்கும் ரேஷன் கடைக்கும் நாலு பிரதி கூடுதலா அனுப்பினீங்கன்னா எங்க பக்கத்து ஊர்கள்ல ஒட்டுற பொறுப்பை நானும் என்கூட வேலை பாத்தவங்களும் ஏத்துக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர்,
ஏரல் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்